பரீட்சை இல்லாத நான்கு ஆண்டுகள்

ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. பதினோராம் தரத்தில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வருகிறது. இவ்விரண்டுக்கும் எமது பெற்றார் படுகின்ற பாடு கொஞ்சநஞ்சமல்ல. நகை அடைவு வைத்தேனும் ரியூசனுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் இடையில் கிடக்கும் தரம் 6, 7, 8, 9 ஆகிய நான்கு ஆண்டுகளைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. அரசாங்கப் பரீட்சை எதுவும் அங்கே இல்லை. பிள்ளை சித்தியடைந்தாலென்ன, அடையாவிட்டாலென்ன, தை மாதம் வந்தால் அடுத்த வகுப்பில் போய் இருந்துவிடுகிறது. ஆகவே, அந்த ஆண்டுகளில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்ற எண்ணம் எம்மிடையே ஊன்றிவிட்டது.

இந்த எண்ணம் இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு மிகுந்த நட்டத்தைத் தந்துகொண்டிருக்கிறது என்பது எமது கருத்து. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டு வந்த தோட்டக் காணிக்கு இன்னமும் திரும்ப முடியாமல் இருப்போர் உளர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்வை அமைத்துக்கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் உள்ளன. 2009இன் பின் மீள்குடியேறியும் வயல் கிடைக்காமல் கூலிக்குப் போவோர் இருக்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் வீட்டையும் விளைநிலத்தையும் இழந்தவர்கள் இப்போது இவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள். இவ்வாறான குடும்பங்களில் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு விலகுவது பெரும்பாலும் இந்த நான்கு ஆண்டுகளிலேதான். ஆண்பிள்ளைக்கு உடம்பில் வேலை செய்யும் பலம் வருகின்ற வயது. பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள், தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தனியே அனுப்பலாமா என்று தாய் யோசிக்கின்ற வயது. பரீட்சையும் இல்லையென்றால் பிள்ளையை மறிப்பது இலகுவாகிவிடுகிறது.

“கமம் செய்யப் போகிறவனுக்கு அட்சரகணிதம் எதற்கு?” என்று கேட்கும் தகப்பன்மாரை நாம் பல இடங்களிலும் சந்தித்திருக்கிறோம். இந்தக் கேள்வியைப் பகிடியாக எடுக்கக்கூடாது. அரை நாள் கூலி அடுப்பில் உலை வைப்பதற்குத் தேவை என்ற நிலையில் இருந்து கேட்கப்படும் கேள்வி இது. ஆகவே, அறிவுரை கூறி நழுவாமல், இந்த நான்கு ஆண்டுகளில் பிள்ளைக்கு உண்மையில் என்னதான் படிப்பிக்கிறார்கள், அது வயலுக்கும் வீட்டுக்கும் எங்கே உதவுகிறது என்று புத்தகங்களைத் திறந்து பார்ப்பதே முறை. பாடத்திட்டம் மாறவிருப்பதாக 2025 முதல் பேசப்பட்டு வருகிறது. பாடங்களின் பெயரும் ஒழுங்கும் மாறலாம். ஆயினும் இந்த வயதில் பிள்ளை கற்கவேண்டிய அடிப்படை அதிகம் மாறப்போவதில்லை.

கணிதத்திலிருந்து தொடங்குவோம். ஆறாம் தரத்தில் பின்னம், தசமம், விகிதம், பரப்பளவு என்பன வருகின்றன. ஏழாம் தரத்தில் சதவீதமும் கனவளவும் அளவிடைப் படமும் சேர்கின்றன. எட்டிலும் ஒன்பதிலும் சமன்பாடு, நேர்விகிதசமன், இலாபநட்டம், சராசரி என்று போகிறது. இவற்றுள் எமது வாழ்க்கைக்குப் புறம்பானது மிகக் குறைவு.

யூரியா உரப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 46% நைதரசன் என்று எழுதியிருக்கும். 50 கிலோப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது என்பதே இதன் பொருள். இன்னொருவர் மலிவான கலப்பு உரமொன்றைக் கொண்டுவந்து, அதில் 15% நைதரசன் என்று இருந்தால், 50 கிலோவில் ஏழரைக் கிலோதான் நைதரசன். விலையை இந்த ஏழரையால் பிரித்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். நைதரசனுக்காக மட்டும் வாங்குவதானால், பையின் விலை பாதியாக இருந்தாலும் அது மலிவில்லை. இது ஏழாம் தரத்துச் சதவீதம், அவ்வளவுதான்.

மருந்து அடிக்கும் தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் நீருக்கு 2 மில்லிலீற்றர் என்று போத்தலில் எழுதியிருந்தால், 16 லீற்றர்த் தாங்கிக்கு 32 மில்லிலீற்றர். மூடியால் அளந்து “இன்னும் கொஞ்சம் விடு” என்று ஊற்றுகின்ற வழக்கத்தால் காசும் போகிறது, கிணறும் கெடுகிறது, அடிக்கிறவனின் உடம்பும் கெடுகிறது. விகிதம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் கணக்கைச் சொல்லும். ஆனால் தகப்பன் கேட்கவேண்டுமே! பிள்ளையின் சொல்லைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணும் எமது வழக்கம் இந்த விடயத்தில் நன்மை தரவில்லை.

மழைக் கணக்கு இன்னும் சுவையானது. வானொலியில் 25 மில்லிமீற்றர் மழை என்று சொல்லுகிறார்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லீற்றர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். ஆகவே 25 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஒரு இலட்சம் லீற்றருக்குச் சற்று மேலான நீரைக் கொட்டிவிட்டுப் போகிறது. கூரையிலும் இப்படித்தான். 8 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமுமான தகரக் கொட்டிலுக்குக் கூரைப் பரப்பு 40 சதுர மீற்றர் என்று வைத்தால், 10 மில்லிமீற்றர் மழையில் 400 லீற்றர் வழிந்தோடும். பவுசர் வருமென்று பரலோடு வீதியில் நிற்கிற குடும்பம் இந்தக் கணக்கை ஒருமுறை செய்து பார்த்தால், பீலி பூட்டுவதற்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை. பரப்பளவும் கனவளவும் படித்தால் இந்தக் கணக்குத் தானே வரும்.

எல்லாவற்றிலும் மேலாகக் கடன். எமது பெண்கள் நுண்கடன் கம்பனிகளிடம் பட்ட துன்பத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறோம். 60,000 ரூபா கடன். ஆண்டுக்கு நூற்றுக்கு இருபது வட்டி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 72,000 ரூபாவை மாதம் 6,000 ரூபாவாகப் பன்னிரண்டு மாதத்தில் கட்டவேண்டும். கேட்பதற்கு நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அறுபதினாயிரமும் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கிறதா? இல்லை. மாதம் 5,000 ரூபா முதலில் கழிந்துகொண்டே போகிறது. முதல் மாதம் 60,000, அடுத்த மாதம் 55,000, கடைசி மாதம் வெறும் 5,000. இவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தால், சராசரியாக உங்கள் கையில் இருந்த கடன் 32,500 ரூபா மட்டுமே. அதற்கு 12,000 ரூபா வட்டி என்றால் நூற்றுக்கு 37 அளவில் வருகிறது. இருபது என்று சொன்னது எங்கே, முப்பத்தேழு எங்கே? இதைக் கண்டுபிடிப்பதற்கு வங்கி முகாமையாளர் தேவையில்லை. சராசரியும் சதவீதமும் தெரிந்த ஒரு பிள்ளை போதும். வட்டி என்ற பாடம் சற்றுப் பின்னர்தான் வருகிறது. ஆனால் அதற்கான அத்திவாரம் முழுவதும் ஒன்பதாம் தரத்துக்குள் போடப்பட்டுவிடுகிறது. எட்டாம் தரத்தில் மறிக்கப்பட்ட பிள்ளை நாளை தானே கடன் பத்திரத்தில் கையொப்பமிடும்போது இந்தக் கணக்கு அதன் கையில் இராது.

விஞ்ஞானத்துக்கு வருவோம். இங்கே எமது கமக்காரர் ஆசிரியருக்குப் பின்னால் நிற்கவேண்டியவர்கள் அல்லர். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதரை நீக்கும் முறை பலருக்குத் தெரியும். கோழிமுட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டினால், பால் பிடிக்காத நெல் மேலே வரும். நல்ல நெல் அடியில் தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் கழுவி விதைப்பார்கள். ஒன்பதாம் தரத்தில் ‘அடர்த்தி’ என்று ஒரு பாடம் இருக்கிறது. கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிவிட்டுப் போவதா, ஒரு வாளியும் உப்பும் முட்டையும் கொண்டு காட்டுவதா? இரண்டாவது முறையில் படித்த பிள்ளை அதை மறக்காது. அத்துடன் தன் தகப்பன் செய்யும் வேலை புத்தகத்தில் வருமளவுக்குப் பெறுமதியானது என்பதையும் அது அறிந்துகொள்ளும்.

காலபோகம் வெட்டிய வயலில் உழுந்து, பயறு, கௌபி போட்டால் மண் தேறும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஏன் தேறுகிறது? அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. நுண்ணங்கிகள் பற்றிய பாடம் எட்டிலும் ஒன்பதிலும் வருகிறது. ஓர் உழுந்துச் செடியை வேரோடு பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அப்படியிருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். ஏழாம் தரத்தில் அமிலமும் காரமும் வருகின்றன. மண்ணின் புளிப்பைப் புரிந்துகொள்வதற்கு அதுதான் வழி. மின்னலைப் பற்றியும் இந்த வகுப்புகளில் படிப்பிக்கிறார்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமுழக்கத்தில் வெட்டை வயலில் மண்வெட்டியோடு நிற்கக்கூடாது, தனிமரத்தின் கீழ் ஒதுங்கக்கூடாது என்பதை ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னாலே அந்தப் பாடத்தின் பயன் கிடைத்துவிட்டது.

விஞ்ஞான அறிவு இல்லாவிட்டால் எதை நம்புவது, எதை மறுப்பது என்று தெரியாமல் நிற்கவேண்டி வரும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அந்த ஆறு மாதத்துக்குள் எத்தனை விதமான திரவங்களும் தூள்களும் எமது கிராமங்களில் விலைப்பட்டன! சேதனப் பசளை நல்லது என்பதில் எமக்கு ஐயமில்லை. இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கும் அது புதிதல்ல. ஆனால் ஒரு பயிருக்கு எவ்வளவு நைதரசன் வேண்டும், ஒரு வண்டில் மாட்டெருவில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குக் கேட்கத் தெரிந்தவர்கள் அன்று குறைவாகவே இருந்தார்கள். போத்தலில் வந்ததை வாங்கி ஊற்றியவர்கள்தான் கூட.

இனிக் காணிக்கு வருகிறோம். இடம்பெயர்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

தமிழ், புவியியல், குடியியல், இரண்டாம் மொழியாகச் சிங்களம் ஆகிய பாடங்களைப் பெற்றார் கணக்கில் எடுப்பதே இல்லை. “கணக்கும் விஞ்ஞானமும் இங்கிலீசும் வந்தால் காணும்” என்பார்கள். ஆனால் காணியை இழந்து நிற்கிற குடும்பத்துக்கு இந்த நாலு பாடமும் சேர்ந்தால்தான் ஒரு கடுதாசியையாவது எழுதி அனுப்பலாம்.

அளவிடைப் படம் கணிதத்திலும் வருகிறது, புவியியலில் தேசப்படமாகவும் வருகிறது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தில் 2 சென்ரிமீற்றர் தரையில் ஒரு கிலோமீற்றர். 1:1,000 அளவில் வரைந்த காணிப் படத்தில் ஒரு சென்ரிமீற்றர் 10 மீற்றர். ஆகவே படத்தில் நாலரைச் சென்ரிமீற்றர் நீளமான எல்லை தரையில் 45 மீற்றர். பழைய படங்களில் சங்கிலிக் கணக்கு இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி உறுதியில் பரப்பு என்று எழுதியிருக்கும். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். அரசாங்கக் கடிதத்தில் ஹெக்ரெயர் என்று வரும். அது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். இத்தனை அளவைகளையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றத் தெரியாதவர், தன் காணி எவ்வளவு என்பதை இன்னொருவர் வாயால்தான் அறியவேண்டியிருக்கும். முப்பது ஆண்டுகளின் பின் திரும்பிப் போய், வேலியும் இல்லை, பூவரசும் இல்லை, கிணறும் தூர்ந்து கிடக்கிறது என்ற நிலையில், எல்லையைச் சொல்லுவதற்கு எஞ்சியிருப்பது அந்தப் படம் ஒன்றே. அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருக்கவேண்டும்.

2025 மார்ச் மாதம் வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணி தொடர்பாக ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோரவேண்டும், கோராவிட்டால் அரச காணி என்ற நிலை. எதிர்ப்பும் வழக்கும் எழுந்து, அதே ஆண்டு அது கைவிடப்பட்டது. ஆனால் அந்த நாட்களில் அறிவித்தலை எடுத்து வாசித்து, எமது காணி இதற்குள் வருகிறதா என்று பார்க்கக்கூடியவர்கள் எத்தனை வீட்டில் இருந்தார்கள்? பலர் மற்றவர் சொல்லும் வரைக்கும் காத்திருந்தார்கள். இந்தியாவில் இருப்போர், புத்தளத்தில் இருப்போர், முகாமில் இருப்போர் ஆகியோருக்கு மூன்று மாதம் என்பது எவ்வளவு குறுகிய காலம்! நாளை இன்னோர் அறிவித்தல் வராது என்று எவரும் உத்தரவாதம் தரவில்லை.

தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதுதல் என்று ஒரு பகுதி இருக்கிறது. விண்ணப்பம், முறைப்பாடு, சுருக்கம் எழுதுதல் எல்லாம் பழக்குகிறார்கள். பிள்ளைகள் இதை ஐந்து புள்ளிக்காகப் பாடமாக்கிவிட்டுப் போகிறார்கள். ஆனால் பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் காணி அனுமதிப்பத்திரத்தின் இலக்கம், எந்த ஆண்டு, எந்தக் கிராம அலுவலர் பிரிவு, என்ன வேண்டுகிறோம் என்பவற்றை ஒழுங்காகச் சொல்லி, பிரதி ஒன்றை வைத்திருப்பதும் இதே பாடம்தான். வெளியில் ஒருவரைக் கொண்டு கடிதம் எழுதுவித்தால் அவருக்கும் காசு. அவர் எழுதியது என்னவென்று எமக்கும் தெரியாது.

குடியியல் பாடத்தில் பிரதேச சபை, மாகாண சபை, சட்டம், உரிமை என்று படிப்பிக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்கவேண்டும். எமது காணி எந்தத் திணைக்களத்தின் பெயரில் இருக்கிறது, வீட்டுத்திட்டப் பட்டியலில் எமது பெயர் ஏன் இல்லை என்றெல்லாம் கேட்கலாம். ஒரு எட்டாந்தரப் பிள்ளையால் எழுதக்கூடிய கடிதம் இது.

சிங்களம் பற்றிச் சொல்லும்போது சிலருக்கு முகம் சுளிக்கும். 1956இன் சட்டத்தால் வந்த கசப்பு எமது மூத்த தலைமுறையிடம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டுமென்று நாம் கட்டளையிடவும் முடியாது. 1987இல் தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. ஆயினும் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தியில் ஆள் தேடும் கமக்காரனை இன்றும் காணலாம். தமிழில் கடிதம் தருமாறு கேட்பது எமது உரிமை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது வரும் வரைக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்காவது அந்த எழுத்துக் கூட்டத் தெரிந்திருந்தால் எவ்வளவு உதவி! தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போகிறவர்கள் இதை எம்மிலும் நன்றாக அறிவார்கள்.

வரலாற்றுப் பாடத்தில் குளங்களும் அணைகளும் நிறைய வருகின்றன. எமது பகுதிக் குளங்கள் அதில் குறைவு என்ற மனக்குறை நீண்ட காலமாக உண்டு. அது நியாயமான மனக்குறை. கட்டுக்கரைக் குளத்தையும் இரணைமடுவையும் பற்றி ஆசிரியர் இரண்டு பாடவேளை கூடச் சேர்த்துச் சொன்னால் யாரும் தடுக்கப்போவதில்லை. சுகாதாரம், சங்கீதம், சித்திரம், நாடகம் பற்றி இங்கே எழுத இடம் காணாது. ஒன்று மட்டும் சொல்லலாம். கொட்டிலுக்குள் வளர்கிற பிள்ளை கிழமையில் ஒருநாளாவது பாடவும் வரையவும் கூடிய இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் மட்டுமே.

‘செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள்’ என்ற பாடத்தைப் பற்றி எமக்கு முறைப்பாடு உண்டு. விவசாயம், மனைப்பொருளியல், கைத்தொழில் என்பவற்றோடு தொடர்புடைய பாடம் இது. பெயர் பெரிது. ஆனால் ஆசிரியர் இல்லாத இடத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான், கணக்கு ஆசிரியர் மேலதிக பாடவேளை கேட்டால் விட்டுக்கொடுக்கப்படுவதும் இதுதான். 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் என்று ஒன்று வந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். அந்தந்த ஊரின் தொழிலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருவதே அதன் நோக்கம். 1977இல் ஆட்சி மாறியதும் அது போய்விட்டது. அன்று அதற்கு எதிராகச் சொல்லப்பட்ட நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நகரத்துப் பிள்ளை டொக்டராக, கிராமத்துப் பிள்ளை மண்வெட்டியோடு நிற்பதற்கா இந்தப் படிப்பு என்று பெற்றார் கேட்டார்கள். இன்றும் அவ்வாறே கேட்கிறார்கள். பள்ளிக்கூடத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குவதைத் தண்டனையாகக் கொடுக்கிற வரைக்கும் அந்தச் சந்தேகம் போகாது. அதே தோட்டத்தில் பாத்தி அளந்து, பசளை நிறுத்து, விளைச்சலைக் கொப்பியில் பதிந்து, வரைபு கீறி, மற்றப் பாத்தியோடு ஒப்பிட்டால் அது விஞ்ஞானமும் கணிதமும் சேர்ந்த பாடமாகிவிடும். ஊரில் நன்றாகக் கமம் செய்கின்ற ஒருவரை அதிபர் தவணைக்கு ஒருநாள் அழைத்துப் பேசவைப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

இடம்பெயர்வு இந்தப் பாடங்களை எவ்வாறு வெட்டுகிறது என்பதையும் விளங்கிக்கொள்ளவேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனபோது, மரநிழலிலும் வேறு பாடசாலைகளின் பின்னேர நேரத்திலும் வகுப்பு நடந்ததை நாம் அறிவோம். படித்த பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் ஆறாம் தரத்தில் மூன்று மாதம் தவறிய பிள்ளை பின்னத்தைத் தவறவிட்டிருக்கும். பின்னம் தெரியாமல் ஏழில் விகிதம் விளங்காது. விகிதம் விளங்காமல் எட்டில் சமன்பாடு தலைக்குள் போகாது. ஒன்பதில் அந்தப் பிள்ளையை “மொக்கு” என்கிறோம். வரலாற்றில் ஒரு அரசனைத் தவறவிட்டால் அடுத்த அரசனிலிருந்து தொடங்கலாம். கணிதத்தில் அப்படி முடியாது. வகுப்பேற்றம் தானாக நடப்பதால், எங்கே அறுந்தது என்று எவரும் பார்ப்பதும் இல்லை. பதினோராம் தரத்தில்தான் அது வெளிக்கிறது. அப்போது ரியூசனுக்குக் கொட்டும் காசு பெரும்பாலும் வீண்.

ஆகவே, பிள்ளை ஒன்பதாம் தரத்தில் தத்தளித்தால் ஒன்பதாம் தரப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பிக்க வேண்டாம். ஆறாம் தரக் கணிதப் புத்தகத்தை எடுத்துப் பின்னத்திலிருந்து தொடங்குங்கள். அயலில் ஒரு சாதாரண தரம் முடித்த அக்காவோ அண்ணனோ மாலையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் இரண்டு மாதத்தில் இடைவெளியை நிரப்பிவிடலாம். பாடப்புத்தகம் 1980 முதல் இலவசமாகத் தரப்படுகிறது. வெள்ளத்தில் போயிருந்தால் அதிபரிடம் கேளுங்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளின் பழைய புத்தகங்களைச் சேர்த்து வைப்பதை முகாமிலோ கிராமத்திலோ மாதர் சங்கம் ஒரு வேலையாக எடுக்கலாம்.

பத்திரம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதி எடுக்கலாம். பிறப்புப் பதியப்படாதிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளை பதினான்கு வயது வரை படிக்கவேண்டும் என்ற கட்டாயம் 1998 முதல் இருந்தது. 2016இல் அது பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. பத்திரத்தைக் காட்டி ஒரு பாடசாலை பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், கிராம அலுவலரையும் வலயக் கல்விப் பணிமனையையும் நாடுவதற்கு இந்தச் சட்டமே ஆதாரம்.

அறுவடைக் காலத்தில் பிள்ளை நாலு நாள் வயலுக்கு வருவதை நாம் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை. எமது பிள்ளைகள் வேலை தெரிந்து வளர்வது நல்லதே. ஆனால் முற்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். தவறிய பாடத்தை எந்தக் கொப்பியில் பார்த்து எழுதுவது என்று கேட்டு வையுங்கள். நாலு நாள் நாலு கிழமையானால் பிள்ளைக்குத் திரும்பப் போக வெட்கம் வந்துவிடும். கையில் கூலிக் காசு கண்ட பெடியனைத் திரும்பவும் வாங்கில் இருத்துவது எவ்வளவு கடினம் என்பது அனுபவப்பட்ட தாய்மாருக்குத் தெரியும். பெண்பிள்ளையைப் பொறுத்தவரை தூரமும் பயமுமே தடை என்றால், நாலு வீட்டுப் பிள்ளைகளை ஒன்றாக அனுப்பி, முறை வைத்து ஒரு பெரியவர் கூடப் போவது பல மீள்குடியேற்றக் கிராமங்களில் நடந்துவரும் ஏற்பாடு.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. “இதுகள் எப்படியும் கூலிக்குத்தானே போகப் போகுதுகள்” என்று வகுப்பில் சொல்லப்படுவதைப் பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லுகிறார்கள். நீங்களும் எமது இடர்களோடு இடர்பட்டவர்கள், உங்கள் பாடசாலையில் எத்தனை ஆசிரிய வெற்றிடம் என்பதும் எமக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வசனத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலாம் தவணை றிப்போட் வரும் நாளில் பெற்றார் எத்தனையாம் பிள்ளை என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். இம்முறை வேறு மூன்றைக் கேட்டுப் பாருங்கள். பின்னமும் சதவீதமும் இவனுக்கு வருகிறதா? ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று இவளால் சொல்ல முடிகிறதா? எந்த வகுப்பில் இவர்கள் தவறவிட்டார்கள்? வீட்டுக்கு வந்ததும் றங்குப்பெட்டியில் இருக்கும் காணி உறுதியையும் படத்தையும் எடுத்து, பிள்ளையின் கையில் கொடுத்து, நாலு பக்கமும் யாருடைய காணி, எத்தனை பரப்பு, எத்தனை மீற்றர் என்று வாசிக்கச் சொல்லுங்கள். பழைய உறுதியின் எழுத்து விளங்காவிட்டால் இருவரும் சேர்ந்து எழுத்துக் கூட்டுங்கள். வாசித்ததை ஒரு கொப்பியில் பிள்ளையைக் கொண்டே எழுதுவித்து, உறுதியின் நிழற்பிரதியோடு வேறோர் இடத்தில் வையுங்கள்.